கரை ஏன் உடைகிறது?
வளரிளம் பருவத்துக் கோபமும் அதன் காரணங்களும்

ஜூன் 12 என்ற தேதியைத் தஞ்சை வட்டாரத்து மாணவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டூர் அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் குறுவைச் சாகுபடிக்காக மதகுகள் திறக்கப்படும் நாள் அது. சில நாட்களில் அந்த நீர் கல்லணைக்கு வந்து சேர்கிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. பாசனத்துக்கு வேண்டிய நீர் முதல் மூன்றிலும் செல்லும். வெள்ளம் மிகுந்தால் அதைக் கொள்ளிடம் வாங்கிக் கொண்டு கடலில் சேர்த்துவிடும்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் வயலுக்குப் போகும் வாய்க்காலின் கரை ஒரு நாள் உடைந்துவிட்டது. உங்கள் அப்பா என்ன செய்வார்? கரையைத் திட்டிக் கொண்டு நிற்பாரா? மாட்டார். முதலில் மண்ணை வெட்டிப் போட்டு உடைப்பை அடைப்பார். பிறகு கரையோரமாக நடந்து காரணத்தைத் தேடுவார். நண்டு வளையா? எலி வளையா? வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டதால் நீர் தேங்கியதா? மேலே யாரோ மதகை அதிகமாகத் தூக்கிவிட்டார்களா? காரணம் தெரிந்தால்தான் சரியான வேலை செய்ய முடியும். நண்டு வளையை அடைக்காமல் மேலே மேலே மண்ணைக் கொட்டினால், அடுத்த வாரமும் அதே இடத்தில் கரை உடையும்.

உங்கள் வயதில் வரும் திடீர்க் கோபமும் இப்படிப்பட்ட ஓர் உடைப்புதான். தட்டைத் தள்ளிவிடுவது, கதவை அறைந்து சாத்துவது, தங்கையிடம் எரிந்து விழுவது, ஒன்றுமில்லாததற்கு அழுவது ஆகியவற்றைப் பார்த்தவுடன் வீட்டில் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். ‘திமிர்’ என்பார் ஒருவர். ‘வயசுக் கோளாறு’ என்பார் இன்னொருவர். ‘காற்றுக் கறுப்பு அண்டியிருக்கிறது’ என்று வேப்பிலை அடிக்கப் போவாரும் உண்டு. இவையெல்லாம் பெயர்களே. காரணத்தை இவற்றில் எதுவும் சொல்லவில்லை. கோபம் ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பது போல அதற்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

மூளையில் நடப்பது என்ன?

மூளையின் உட்புறத்தில், பாதாம் பருப்பின் வடிவில் அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. ஆபத்து, அவமானம், மிரட்டல் போன்றவற்றை உடனே கண்டு எச்சரிப்பது அதன் வேலை. எச்சரிக்கை கிடைத்ததும் ஹைப்போதலாமஸ் நரம்புகளை முடுக்குகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. சண்டை போட அல்லது ஓடித் தப்ப உடல் இப்படித் தயாராவதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-இல் வெளியான தம் நூலில் விளக்கினார்.

இந்த வேகத்தை அடக்கி, ‘பொறு, யோசி’ என்று சொல்வது மூளையின் நெற்றிப் பகுதி. கல்லணையின் மதகுகளைப் போல, எவ்வளவு விடலாம், எங்கே விடலாம் என்று முடிவு செய்வது அதுவே. 1990-களிலிருந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் வளரும் பிள்ளைகளின் மூளையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்தார்கள். உணர்ச்சிகளை எழுப்பும் பகுதிகள் பருவமடையும் காலத்திலேயே மும்முரமாக இயங்கத் தொடங்குவதும், நெற்றிப் பகுதி முழுமையாக முதிர இருபது வயதைத் தாண்டுவதும் தெரிய வந்தன. ஆற்றில் நீர் வந்துவிட்டது; மதகு வேலை இன்னும் முடியவில்லை. உங்கள் வயதின் நிலை இதுதான்.

நெற்றிப் பகுதியின் முக்கியத்துவத்தைக் காட்டிய பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1848-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறையை வெடி வைத்துப் பிளந்தபோது, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான இரும்புக் கம்பி ஃபினியஸ் கேஜ் என்ற 25 வயதுத் தொழிலாளியின் கன்னத்தில் நுழைந்து, மண்டையின் உச்சி வழியே வெளியேறியது. அவர் பிழைத்துக் கொண்டார்! பேசினார், நடந்தார். ஆனால் நிதானமான மனிதர் என்று பெயர் எடுத்திருந்தவர், பொறுமையற்றவராகவும் வாய்த்துடுக்கு உள்ளவராகவும் மாறிவிட்டதாக அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஹார்லோ எழுதினார். கேஜ் பின்னர் சிலி நாட்டில் குதிரை வண்டி ஓட்டிப் பல ஆண்டுகள் பிழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காயம் பட்ட மூளையும் பழக்கத்தால் ஓரளவு தேறும்.

அப்படியானால் ‘என் மூளை முதிரவில்லை, நான் என்ன செய்வேன்?’ என்று கையை விரித்துவிடலாமா? கூடாது. உங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனால் எல்லோரும் தட்டைத் தள்ளிவிடுவதில்லை. ஒரே மாணவர்கூட எல்லா நாளும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே வயதோடு வேறு ஏதோ சேர்கிறது. அந்த வேறு ஏதோவைத்தான் நாம் தேட வேண்டும்.

செய்து பாருங்கள்

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, 30 விநாடிக்கு நாடித் துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். குறித்துக் கொள்ளுங்கள். பிறகு உங்களுக்குக் கோபமூட்டிய ஒரு நிகழ்ச்சியை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். அடுத்து, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இப்படி இரண்டு நிமிடம் செய்த பின் மூன்றாம் முறை எண்ணுங்கள். மூன்று எண்களையும் ஒப்பிடுங்கள். மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபடும். நினைப்பு உடலை மாற்றுவதையும், மூச்சு அதைத் திருப்புவதையும் உங்களில் பலர் உங்கள் விரல் நுனியிலேயே உணரலாம்.

உறக்கமும் காலை உணவும்

காரணம் தேடும்போது எளியதிலிருந்து தொடங்க வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. ஆனால் இந்தப் பருவத்தில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. உறக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சிறு பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிட இரவில் தாமதமாகச் சுரக்கிறது. பதினோரு மணிக்கும் தூக்கம் வராது. காலை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பினால் எழ முடியாது. இதில் கைப்பேசியின் வெளிச்சமும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? தூங்காத மூளையில் அமிக்டலா கூடுதலாகக் கிளர்கிறது; நெற்றிப் பகுதியின் கட்டுப்பாடு தளர்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014-இல் பரிந்துரைத்தது இதனால்தான்.

அடுத்தது பசி. மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக் கொள்கிறது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் பகல் ஒரு மணி வரை வெறும் காபியோடு இருந்தால், இடையில் 17 மணி நேரம்! இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது அதை ஏற்ற உடல் சுரக்கும் ஹார்மோன்களுள் அட்ரினலினும் ஒன்று. கைநடுக்கம், படபடப்பு, எரிச்சல் எல்லாம் கூடவே வரும். தமிழ்நாட்டு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு 25 அன்று, டெல்டாவிலேயே உள்ள திருக்குவளையில், அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. அது சிறு வகுப்புகளுக்கு. உயர்நிலைப் பள்ளி மாணவரான நீங்கள் உங்கள் காலை உணவை நீங்களே கவனித்துக் கொள்ள வேண்டும். இட்லிதான் வேண்டும் என்பதில்லை. பழைய சோறும் மோரும் நல்ல காலை உணவே.

இரத்தம் சொல்லும் செய்தி

நெல் விளையும் நாட்டில் சில பிள்ளைகள் பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக் கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் பல்பம் தின்பார்கள். சிலர் சாம்பலையோ செங்கல் தூளையோ தேடுவார்கள். வீட்டில் திட்டு விழும். ஆனால் மருத்துவர் இதைக் கேட்டால் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார். உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. உணவல்லாதவற்றைத் தின்னும் ஆசை, இரும்புச் சத்துக் குறைவின் அறிகுறிகளுள் ஒன்று.

இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறைகிறது; உடலுக்கு ஆக்சிஜன் போதாது. மூளையில் செய்தி கடத்தும் சில வேதிப் பொருள்களைத் தயாரிக்கவும் இரும்பு தேவை. ஆகவே களைப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல் இவற்றோடு எரிச்சலும் கவனக் குறைவும் வருகின்றன. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை உண்டு. ஆண்களில் 31.1 விழுக்காடு. அதாவது பெண்களில் ஐந்து பேருக்கு மூவர்! அந்த மூவரில் எத்தனை பேரைச் ‘சிடுமூஞ்சி’ என்று அழைத்துக் கொண்டிருக்கிறோமோ?

இரும்பு எங்கே போகிறது? பெண்களுக்கு மாதவிலக்கில் ஒரு பங்கு போகிறது. வளரும் உடலுக்குத் தேவையும் கூடுகிறது. தீட்டிய அரிசியில் இரும்பு குறைவு. சாப்பாட்டோடு குடிக்கும் காபியும் தேநீரும் உணவில் உள்ள இரும்பை உடல் ஏற்காமல் தடுக்கின்றன. கும்பகோணம் டிகிரி காபியை விட்டுவிடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்!

இன்னொரு திருடன் ஈர மண்ணில் இருக்கிறான். கொக்கிப் புழுவின் இளம் புழுக்கள், திறந்த வெளியில் மலம் கழித்த ஈர மண்ணில் வளர்கின்றன. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்கி, அங்கே இரத்தத்தை உறிஞ்சுகின்றன. கழிப்பறை, செருப்பு, பூச்சி மாத்திரை ஆகிய மூன்றும் இதற்கு மருந்து. 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை இதற்காகத்தான். வாரந்தோறும் பள்ளியில் தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே வீசும் நண்பர்களை நீங்கள் அறிவீர்கள். வயிறு புரட்டுகிறது என்பார்கள். வெறும் வயிற்றில் விழுங்காமல், சாப்பிட்ட பின் விழுங்கினால் புரட்டல் குறையும். மலம் கறுத்துப் போவது இயல்பே, பயப்பட வேண்டாம்.

சுரப்பிகளும் நரம்புகளும்

கழுத்தின் முன்புறம், வண்ணத்துப் பூச்சி வடிவில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. உடல் எவ்வளவு வேகமாக இயங்க வேண்டும் என்பதை அதன் ஹார்மோன் நிர்ணயிக்கிறது. அது அளவுக்கு மீறிச் சுரந்தால், நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைக்கும், மற்றவர்களுக்கு இதமாக இருக்கும்போதும் வியர்த்துக் கொட்டும், இதயம் படபடக்கும், சிறு சொல்லுக்கும் சீற்றம் வரும். இத்தகைய நோயாளியின் கைகளை முன்னே நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்து, தாள் நடுங்குகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பதுண்டு. சுரப்பு குறைந்தாலோ சோர்வும் மந்தமும் குளிர் தாங்காமையும் வரும். இரண்டையும் ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். இரண்டுக்கும் மருந்து உண்டு.

சில பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் மட்டும் எரிச்சலும் அழுகையும் மிகுந்து, விலக்கு வந்ததும் தணியும். இரண்டு மூன்று மாதம் நாட்காட்டியில் குறித்து வந்தால் இது தெளிவாகத் தெரியும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மருத்துவரிடம் காட்டத் தகுந்த அருமையான சான்று அந்த நாட்காட்டி.

வலிப்பு நோயில் எல்லோரும் கீழே விழுந்து துடிப்பதில்லை. சிலர் சில நிமிடங்கள் வெறித்துப் பார்த்து, அர்த்தமில்லாமல் எதையாவது பிடித்து இழுத்து, பின் ஒன்றும் நினைவில்லாமல் குழம்பி நிற்பார்கள். ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று கேட்டால் உண்மையாகவே தெரியாது. வலிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் சில மருந்துகளும் எரிச்சலை உண்டாக்கலாம். அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

அரிதான நோய்கள் சிலவும் உண்டு. நல்ல மாணவி ஒருத்தி சில நாட்களுக்குள் ஆளே மாறி, உளறி, உறங்காமல், கைகால்களை விசித்திரமாக அசைத்தால், பலர் பேய் என்றே முடிவு செய்வார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளை அழற்சி இவ்வாறு தொடங்கும் என்பது 2007-இல்தான் தெளிவாகக் கண்டறியப்பட்டது. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். வேப்பிலையில் கழியும் ஒவ்வொரு வாரமும் இதில் நட்டம்.

அடுத்து, மனத்தின் நோய்கள்

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றே நினைக்கிறோம். வளரிளம் பருவத்தில் அது பல சமயம் எரிச்சலாகவே வெளிப்படும். பிடித்த விளையாட்டில் ஆர்வம் போவது, உறக்கமும் பசியும் மாறுவது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது குணக்கேடு என்று ஒதுக்கத் தக்கதல்ல. சிகிச்சை தேவைப்படும் நிலை.

எழுத்துகள் குழம்பும் கற்றல் குறைபாடு உள்ளவன், வகுப்பில் வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை வீசி எறிவான். ‘முட்டாள்’ என்ற பெயரைவிட ‘முரடன்’ என்ற பெயர் அவனுக்கு மேலாகத் தோன்றுகிறது! சிறு வயதிலிருந்தே ஓரிடத்தில் இருக்க முடியாமல், நினைத்தவுடன் செய்துவிடும் கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் இப்படியே தவறாகப் புரிந்து கொள்ளப்படுகிறார்கள். புகையிலைப் பாக்குக்குப் பழகியவனுக்கு, அது கிடைக்காத சில மணி நேரத்திலேயே எரிச்சல் தொடங்கும். அப்போது கத்த வைப்பது நிக்கோட்டின்.

டெல்டா மக்கள் கண்ட பெருந்துயரங்களும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி நாகப்பட்டினம் கரையை அழித்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தது. இத்தகைய பேரிடர்களில் தப்பிய பிள்ளைகளுக்கு, மாதங்கள் கழித்தும் கெட்ட கனவும் திடுக்கிடலும் திடீர்ச் சீற்றமும் வரலாம். உடல் தப்பிவிட்டது, எச்சரிக்கை மணி மட்டும் நிற்காமல் அடித்துக் கொண்டிருக்கிறது. வீட்டில் குடியும் அடிதடியும் இருந்தாலும் இதே நிலைதான்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. எல்லாக் கோபமும் நோயின் அறிகுறி என்று எண்ணிவிடாதீர்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், யாராவது தகாத முறையில் தொட்டால், தினமும் நாலு பேர் கூடிக் கேலி செய்தால் வரும் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்கு மாத்திரை தேவையில்லை. நீங்கள் நம்பும் பெரியவரின் துணை தேவை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கற்றுக் கொண்ட கோபம்

இனி நடத்தைக்கு வருவோம். அமெரிக்க உளவியலார் ஸ்கின்னர் 1930-களில் எலிகளை ஒரு பெட்டியில் விட்டார். நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும். எலி விரைவில் கற்றுக் கொண்டது. எந்தச் செயலுக்குப் பலன் கிடைக்கிறதோ அந்தச் செயல் பெருகும் என்பதே பாடம்.

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். தம்பி கைப்பேசி கேட்கிறான், அம்மா மறுக்கிறார். அவன் கத்துகிறான், தட்டைத் தள்ளுகிறான். அக்கம்பக்கத்தில் கேட்குமே என்று அம்மா கொடுத்துவிடுகிறார். கத்தினால் கிடைக்கும் என்று தம்பி கற்றான். கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அம்மா கற்றார். இருவருமே ஸ்கின்னரின் பெட்டிக்குள் இருக்கிறார்கள்! ஒன்பது முறை மறுத்துப் பத்தாம் முறை கொடுத்தால் பழக்கம் போய்விடும் என்று எண்ணாதீர்கள். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை மேலும் உறுதியாக்குகிறது. பலனை முற்றிலும் நிறுத்தினால், முதல் சில நாட்கள் கத்தல் கூடும், பிறகுதான் குறையும். அந்தச் சில நாட்களை வீட்டார் அடிக்காமல், விட்டும் கொடுக்காமல் கடக்க வேண்டும். அமைதியாகக் கேட்கும்போது செவி சாய்ப்பதும் அதே அளவு முக்கியம்.

பார்த்தும் கற்கிறோம். 1961-இல் ஆல்பர்ட் பந்தூரா நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தங்கள் முறை வந்தபோது தாங்களும் அதே போல் அடித்தார்கள். கோபத்தை அடியால் திருத்த முயலும் பெரியவர்கள் இந்தச் சோதனையை நினைவில் வைப்பது நல்லது.

ஒரு வார ஏடு

காரணத்தைக் கண்டுபிடிக்க உங்களிடம் ஸ்கேன் கருவி இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு கோபத்துக்கும் மூன்று பத்திகள்: முன் என்ன நடந்தது? என்ன செய்தேன்? பின் என்ன கிடைத்தது? அதோடு உறங்கிய நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம். எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனை ஏட்டைப் பாருங்கள்.

திங்கள்: உறக்கம் 5½ மணி. காலை உணவு இல்லை. 12 மணிக்குத் தோழியோடு சண்டை.
செவ்வாய்: உறக்கம் 7 மணி. இட்லி. சண்டை இல்லை.
புதன்: உறக்கம் 5 மணி. காபி மட்டும். 11.45-க்கு ஆசிரியரிடம் எதிர்ப் பேச்சு.
வியாழன்: உறக்கம் 8 மணி. பழைய சோறு. சண்டை இல்லை.
வெள்ளி: உறக்கம் 5½ மணி. இட்லி. இரவு 9 மணிக்குத் தம்பியோடு சண்டை. அம்மா தம்பியைக் கண்டித்தார்.

என்ன தெரிகிறது? சண்டை வந்த மூன்று நாளும் உறக்கம் குறைவு. பகல் சண்டை வந்த இரண்டு நாளும் வயிறு காலி. வெள்ளிக்கிழமை சண்டைக்குப் ‘பலன்’ ஒன்றும் கிடைத்திருக்கிறது. ஆனால் அவசரப்படாதீர்கள். ஐந்து நாள் கணக்கு ஓர் ஊகத்தைத்தான் தரும். ஊகத்தைச் சோதிக்க, அடுத்த வாரம் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உறக்கத்தை மட்டும் எட்டு மணி நேரமாக்கிப் பாருங்கள். உணவையும் சேர்த்து மாற்றினால், எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதைத்தான்.

உறக்கம், உணவு இரண்டும் சரியாக இருந்தும் கோபம் தணியவில்லையா? அப்போது அந்த ஏட்டோடு மருத்துவரிடம் போங்கள். ‘எப்பப் பார்த்தாலும் கோபம்’ என்று சொல்வதைவிட இரண்டு வார ஏடு அவருக்கு நூறு மடங்கு உதவும்.

எப்போது உடனே போக வேண்டும்?

1. காய்ச்சல், குழப்பம், வலிப்பு இவற்றோடு குணம் சில நாட்களில் திடீரென்று மாறினால்.
2. தலையில் அடிபட்ட பின் வாந்தி, மயக்கம், அசாதாரணத் தூக்கம் இருந்தால்.
3. வேறு யாருக்கும் கேட்காத குரல்கள் கேட்டால்.
4. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணம், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால். இதை ஒரு மணி நேரம்கூட மனத்தில் பூட்டி வைக்க வேண்டாம். அம்மா, அப்பா, ஆசிரியர், யாராவது ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். நண்பர் உங்களிடம் இப்படிச் சொன்னால், ‘யாரிடமும் சொல்லாதே’ என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

எங்கே போவது? ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. இரத்த சோகையை அங்கேயே கண்டுபிடிக்கலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் 1997-இல் நம் பக்கத்துத் திருச்சி மாவட்டத்தில்தான் தொடங்கியது. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. தொலைபேசியில் பேச வேண்டுமானால், 2022 அக்டோபரில் தொடங்கிய ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை.

தவறான பெயர் வைப்பதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மன நோயாளி எவரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது மனத்துக்கு ஆறுதல் தரும், போகலாம். மருத்துவரிடமும் போக வேண்டும் என்பதே நாம் சொல்வது. சட்டம் இரும்புச் சங்கிலியை அகற்றும். ‘திமிர் பிடித்தவன்’ என்ற சொல்லை அகற்ற வேண்டியவர்கள் நாம்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு தட்டு பறந்தால், அதைத் தள்ளியவர் நீங்களாகவே இருந்தாலும், முதலில் மூச்சை நிதானமாக்கி உடைப்பை அடையுங்கள். தட்டைத் துடைத்து எடுத்து வையுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள். பிறகு, கரையோரமாக நடந்து வளையைத் தேடுங்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. வகுப்பில் ஒரே நாளில் மூன்று பேர் சண்டை போட்டார்கள். மூவருக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டுமா? ஒருவருக்கே இரண்டு காரணங்கள் இருக்க முடியுமா?
2. கற்பனை ஏட்டில் வியாழக்கிழமை உறக்கமும் நன்று, உணவும் நன்று. இரண்டில் எது சண்டையைத் தடுத்தது என்று அந்த ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியுமா? ஏன்?
3. வெள்ளத்தின்போது மிகுதி நீரைக் கொள்ளிடம் ஏற்றுக் கொள்கிறது. உங்கள் கோபத்துக்குக் கொள்ளிடம் எது? ஓட்டமா, கபடியா, தவிலா, நண்பரோடு பேச்சா? ஒரு வாரம் முயன்று பார்த்து ஏட்டில் எழுதுங்கள்.